32769-க்கும் 32768-க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட என் என்கோர் தேர்வு

நேற்று மதியம் என்கோர் தேர்வில் (நெட்வொர்க் வேலைக்கான சிஸ்கோவின் சான்றிதழ் தேர்வு) திரையில் 'பாஸ்' என்று வந்தது. இரண்டாவது முயற்சி. முதல் தடவை பல்லிளித்தது இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பகுதி. மொத்தத் தேர்வில் 30 சதவீதம் அதற்குத்தான். ஓஎஸ்பிஎஃப், பிஜிபி என்று ரூட்டிங் முறைகள் எல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன். ஸ்பானிங் ட்ரீயை (ஸ்விட்சுகளுக்கு நடுவில் கேபிள் வளையம் உருவானால் ஒரு வழியை அடைத்துவைக்கும் முறை) மட்டும் "தினமும் பார்க்கிறதுதானே" என்று விட்டுவிட்டேன். கேள்விகளைச் சொல்ல மாட்டேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு ஸ்பானிங் ட்ரீயைப் புரியவைத்தது புத்தகம் இல்லை, ஒரு கோடவுன். நான் வேலை பார்த்த இடத்தில் ஆபீசில் ஒரு சிஸ்கோ ஸ்விட்ச், பிளாண்டில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் ட்ரங்க் இணைப்பு. கோடவுனில் வேறு கம்பெனியின் சின்ன ஸ்விட்ச். அதிலிருந்து இரண்டு பக்கமும் கேபிள். தினமும் காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் பிளாண்டின் வருகைப்பதிவு மெஷின் அரை நிமிஷம் உறைந்து நிற்கும். வரிசையில் நிற்பவர்கள் விரலை அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். மெஷினை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். வாட்ச்மேன் ராத்திரி கோடவுன் மெயினை அணைத்துவிட்டுக் காலையில் போடுகிறார் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, கோடவுன் ஸ்விட்ச் எழுந்தால் பிளாண்டுக்கு என்ன? வீலான் (ஒரே ஸ்விட்சுகளுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்) 10, 20, 30 மூன்றுக்கும் ஆபீஸ் ஸ்விட்சை ரூட், அதாவது தலைமை ஸ்விட்ச் ஆக்கியிருந்தேன். வீலான் 1-ஐத் தொடவே இல்லை. வருகைப்பதிவு மெஷின் இருந்தது அதில்தான்.

சிஸ்கோவின் ஸ்பானிங் ட்ரீ வகையான பிவிஎஸ்டி பிளஸ் ஒவ்வொரு வீலானுக்கும் தனி மரம் கட்டும். ஸ்விட்சின் முன்னுரிமை எண்ணோடு (நாம் மாற்றாவிட்டால் 32768) வீலான் எண்ணையும் கூட்டிக்கொள்ளும். ஆக வீலான் 1-க்கு 32768 + 1, அதாவது 32769. கோடவுன் ஸ்விட்ச் ஓடியது எம்எஸ்டிபியில், அதாவது பல வீலான்களை ஒரே மரத்தில் சேர்க்கும் பொதுத் தர முறையில். அதன் பொது மரத்தின் எண் (இன்ஸ்டன்ஸ்) 0, எனவே 32768 + 0. எண் குறைந்தவர்தான் ரூட். எண் சமமானால் மேக் முகவரியை (ஸ்விட்சின் வன்பொருள் எண்) ஒப்பிடுகிற கட்டத்துக்கே போகாமல், ஒரே ஒரு எண் வித்தியாசத்தில் கோடவுன் ஸ்விட்ச் தலைவராகிவிடும். ஆபீஸ்-பிளாண்ட் நேர் வழி வீலான் 1-க்கு உடனே அடைபடும். கோடவுன் வழி திறக்க லிசனிங் 15 நொடி, லேர்னிங் 15 நொடி. அதுதான் அந்த அரை நிமிஷம். ஆபீஸ் ஸ்விட்சில் வீலான் 1-க்கு 4096 என்று ஒரு வரி போட்டேன், முடிந்தது.

இதெல்லாம் தெரிந்தும் முதல் தடவை ஏன் தோற்றேன்? வைத்தியம் தெரிந்தது, நோய் தெரியவில்லை. வீலான் 1-க்கு மட்டும் ஏன் இந்தக் கூத்து என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. விடை பிபிடியுவின் (ஸ்பானிங் ட்ரீக்காக ஸ்விட்சுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தி) சேருமிட முகவரியில் இருக்கிறது. வீலான் 1-க்கான பிபிடியு, 01-80 என்று தொடங்கும் ஐஇஇஇ (தரநிலை அமைப்பு) பொது முகவரிக்கு டேக் இல்லாமல், அதாவது வீலான் எண் ஒட்டாமல் போகிறது. எல்லா கம்பெனி ஸ்விட்சும் அதைப் படிக்கும். மற்ற வீலான்களுடையது 01-00 என்று தொடங்கும் சிஸ்கோவின் சொந்த முகவரிக்குப் போகிறது. அதைப் புரியாத ஸ்விட்ச் சாதாரண மல்டிகாஸ்ட் (பலருக்கான செய்தி) என்று நினைத்து அப்படியே மறுபக்கம் கடத்திவிடும். அதனால் வீலான் 10-ஐப் பொறுத்தவரை கோடவுன் ஸ்விட்ச் இருப்பதே சிஸ்கோவுக்குத் தெரியாது.

இதை மனப்பாடம் செய்யாதீர்கள். ஜிஎன்எஸ்3-ல் (கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் மென்பொருள்) இரண்டு சிஸ்கோ, வேறு கம்பெனியான அரிஸ்டாவின் ஸ்விட்ச் ஒன்று வையுங்கள் (அரிஸ்டா தானாகவே எம்எஸ்டிபியில்தான் எழும்). நெட்வொர்க் செய்திகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் இரண்டு முகவரிகளையும் கண்ணால் பாருங்கள். மூன்றும் சிஸ்கோ, எல்லாம் ஒரே மோட் என்று லேப் போட்டால் எதுவும் உடையாது, எதுவும் புரியாது. என் முதல் லேப் அப்படித்தான் இருந்தது.

சுருக்கமாகச் சில:

- 1 ஜிபிபிஎஸ் இணைப்பின் காஸ்ட் (வழியின் செலவு, குறைந்ததே வெல்லும்) பழைய கணக்கில் 4, புதிய கணக்கில் 20,000. கலந்து கிடந்தால் வழித்தேர்வு தாறுமாறாகும். எல்லாவற்றையும் புதிய (லாங்) கணக்குக்கு மாற்றுங்கள்.
- எம்எஸ்டி ரீஜன் (ஒரே எம்எஸ்டிபி அமைப்பைப் பகிரும் ஸ்விட்சுகளின் குழு): பெயர், ரிவிஷன், வீலான் பங்கீடு மூன்றும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்து பெரியது சிறியதாக மாறினாலும் அது வேறு ரீஜன்.
- சிஸ்கோ எம்எஸ்டியும் பிவிஎஸ்டி பிளஸும் சந்திக்கும் எல்லையில், ரூட்டை எம்எஸ்டி பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். வீலான் 1-க்கு இந்தப் பக்கம், வீலான் 20-க்கு அந்தப் பக்கம் என்றால் அந்தப் போர்ட் அடைபட்டு நிற்கும்.
- ஜூனிப்பர் கம்பெனி ஸ்விட்சுகளில் விஎஸ்டிபி என்ற வகை இருக்கிறது. பிவிஎஸ்டி பிளஸோடு பேசும். என்கோருக்குத் தேவையில்லை, வேலைக்குத் தேவை.

தேர்வு அறையில் 120 நிமிஷம், முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. நான் ஒரே கேள்வியை மென்றுகொண்டே இருக்கிற ஆள். முதல் தடவை கடைசிப் பத்துக் கேள்வியை ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். இந்தத் தடவை இரண்டு நிமிஷம் தாண்டினால் எதையாவது அழுத்திவிட்டு நகர்வது என்று சத்தியமே செய்துகொண்டு போனேன். வேகமாக முடிக்கிறவர்களுக்கு இந்த அறிவுரை வேண்டாம், நீங்கள் நிதானமாகவே போங்கள்.

தோற்றால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம். நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன், அதில் ஒரு மாதம் வெறும் கோபம். அடுத்து எனார்சி, சிஸ்கோவின் ரூட்டிங் தேர்வு. அதில் ஸ்பானிங் ட்ரீ கிடையாது, கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.