வாடைக்கு முன் குசினி

எங்கள் குசினியில் ஈரத்தை அளக்கும் கருவி ஏதும் இல்லை. உப்புப் போத்தல் இருக்கிறது. ஆவணி மாதத்தில் அதைச் சரித்தால் உப்பு மணலைப்போலச் சொரியும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எடுத்த மூன்றாம் நாளே அதே உப்பு கட்டிபட்டு, கரண்டியால் குத்தினாலும் அசையாமல், போத்தலின் அடியில் கொஞ்சம் நீரையும் சேர்த்துக்கொண்டு நிற்கும். சாரீரப்பதன், அதாவது காற்று கொள்ளக்கூடிய நீராவியில் ஏற்கனவே நிறைந்திருக்கும் பங்கு, ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரையத் தொடங்கும் என்பது பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடத்தில் படித்ததுதான். அந்த ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு குசினி முழுவதையும் பார்க்கலாம் என்பது எனக்கு இந்த வருடம்தான் விளங்கியது.

நாங்கள் இருப்பது இலங்கையின் திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து ஐந்து நிமிடத் தூரம். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து, நீர் காய்ந்து போக, உப்பு மட்டும் யன்னல் கம்பியிலும் சுவரிலும் அலுமாரிக் கதவிலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் அந்தப் படலமும் போத்தலில் உள்ள உப்பைப்போலவே நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. அதன்மேல் தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப்புகை படிகிறது. எண்ணெயில் மாவும் மிளகாய்த்தூளும் தூசியும் ஒட்டிக்கொள்கின்றன. பூஞ்சணத்துக்கு இதைவிட வேறு விருந்து வேண்டாம். ஆகவே இங்கே குசினியைத் துப்புரவாக்குவதில் பாதி வேலை உப்பைக் கழுவுவது, மற்றப் பாதி உலர்த்துவது. இரண்டாவது பாதியை நாங்கள் இத்தனை வருடமும் வேலையாகவே கணக்கில் எடுக்கவில்லை.

போன தைப்பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முன்பு, வழமைப்படி, அம்மாவும் நானும் குசினியை முழுதாக இறக்கிக் கழுவினோம். வெளியே தூறல் நின்றபாடில்லை. சுவரையும் அலுமாரிகளையும் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, அன்று மாலையே சாமான்களை அடுக்கிக் கதவுகளையும் சாத்திவிட்டோம். பன்னிரண்டாம் நாள் கடலைப்பருப்பு எடுப்பதற்காகக் கீழ்த்தட்டைத் திறந்தபோது, பின்பலகை முழுவதும் கடுகை அள்ளி வீசியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். பலகையின் கீழ் விளிம்பு நனைந்த பாணைப்போல ஊதியிருந்தது. அழுத்திய மரத்தூளால் செய்த அந்தப் பலகைகள் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் என்று சொல்லித்தான் பொருத்தித் தந்தார்கள். வெட்டிய விளிம்புகளை மூடாமல் விட்டிருந்ததைப் பலகையைக் கழற்றியபோதுதான் கண்டேன். அம்மாவுக்கு அன்று முழுவதும் மனவருத்தம். அவ்வளவு பாடுபட்டுக் கழுவியதே பூஞ்சணத்துக்குத் தண்ணீர் வார்த்ததாக முடிந்திருந்தது.

பொங்கலுக்கு முன்பு வீட்டைத் துப்புரவாக்கும் மரபை நான் மதிக்கிறேன். ஆனாலும் திருகோணமலையில் நவம்பரும் டிசம்பரும்தான் மழை அதிகம் கொட்டும் மாதங்கள். தை பிறக்கும்போதும் சுவர் அந்த ஈரத்தைக் குடித்தபடியேதான் நிற்கும். நனைத்த எதுவும் காயாத காலத்தில் எல்லாவற்றையும் நனைப்பது சரியல்ல. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தரைப்பக்கமிருந்து வீசும் கச்சான் காற்று சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும். காலையில் துவைத்த தடித்த போர்வை மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். அந்தக் காற்றின் கடைசி நாட்கள் நவராத்திரிக்குச் சற்று முன்பாக வருகின்றன. கொலு வைக்கவும் வாணி விழாவுக்கும் எப்படியும் வீடு துப்புரவாக வேண்டும். பெரிய வேலையை அப்போதே முடித்துவிட்டு, பொங்கலுக்கு மேலோட்டமாகத் துடைத்தால் போதும் என்று அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை விடிய ஆறு மணிக்குத் தொடங்கினோம். எதையும் கழுவுவதற்கு முன்பு, ஒரு வெள்ளைத் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து யன்னல் கம்பியைத் துடைத்து, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. அடுத்து அலுமாரியின் மேல்தட்டைத் துடைத்தேன். துணியில் தேன் நிறத்தில் ஒரு பிசுக்கு வந்தது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழேதான் உறையும், எங்கள் ஊரில் அது உறைவது அபூர்வம். ஆகவே ஆவியோடு போய்ப் படிந்த எண்ணெய் திரவமாகவே பரவி, தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடுகிறது. இதற்குச் சலவைச் சோடாவைப்போல ஒன்றும் இல்லை. ஒரு லீற்றர் சுடுநீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, அந்த நீரில் நனைத்த துணியைப் பிசுக்கின்மேல் ஐந்து நிமிடம் ஒட்டி வைத்தால், அது எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றி இளக்கிவிடும். அலுமினியச் சட்டிகளில் மட்டும் இதைப் பாவிக்கக்கூடாது, கறுத்துப்போகும். சோடா வைத்த இடத்தை நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைக்க வேண்டும். உப்பு கழுவப்படுவதும் அந்த இரண்டு துடைப்பில்தான்.

அப்பச்சோடாவின்மேல் வினாகிரியை ஊற்றி நுரைக்கவிடும் வழக்கம் இப்போது எல்லா வீட்டிலும் பரவியிருக்கிறது. நுரை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்து, கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். அப்பச்சோடாவைத் தனியாகத் தேய்ப்பதற்கும், வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ தனியாகக் கேத்தலிலும் குழாயிலும் படிந்த வெள்ளைப் படிவை இளக்குவதற்கும் வைத்துக்கொள்ளலாம். இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வெளுக்கும் திரவத்தோடு வினாகிரியைக் கலந்தால் குளோரின் வாயு வெளியேறும். யன்னல் சாத்திய சிறிய குசினியில் அது மூச்சை அடைத்துவிடும். அமோனியா சேர்ந்த திரவங்களோடும் வெளுக்கும் திரவத்தைக் கலக்கவே கூடாது. வீட்டில் வேலைக்கு உதவும் பிள்ளைகளுக்கும் இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

பூஞ்சணத்தை உலர்ந்த தும்புத்தடியால் தட்டினால் அதன் வித்திகள் குசினி முழுவதும் பரவும். முதலில் ஈரத்துணியால் மூடி, முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் துடைக்க வேண்டும். தரை ஓட்டில் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெளுக்கும் திரவம் கலந்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். மரத்தில் அது பலிக்காது: மேற்பரப்பு வெளுக்கும், உள்ளே போன இழைகள் பிழைத்துக்கொள்ளும், திரவத்தில் இருந்த தண்ணீரோ பலகைக்குள் இறங்கிவிடும். எங்கள் பின்பலகையைக் காப்பாற்ற முடியவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தைத் திறந்த சுவராகவே விட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு பூசினோம். அம்மம்மாவின் காலத்தில் வருடாவருடம் அடுப்படிக்கு வெள்ளையடித்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. புதுச் சுண்ணாம்பு கடுமையான காரம், அதன்மேல் பூஞ்சணம் வேர்பிடிக்காது. நாளடைவில் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அந்தக் காரம் தணிந்துவிடுவதால்தான் மறுபடியும் பூச வேண்டியிருக்கிறது.

சாமான்களை இறக்கும்போது செத்தல் மிளகாய்ப் போத்தலில் வந்தது சிக்கல். அரைக் கிலோவுக்குமேல் இருந்த மிளகாயில் காம்புப்பக்கம் சாம்பல்நிறத் தூள் படர்ந்திருந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே விதைகள் பச்சையும் கறுப்புமாக ஒட்டிக்கிடந்தன. “வெயிலிலை ரெண்டு நாள் போட்டா எல்லாம் சரிவரும் பிள்ளை” என்றார் அம்மா. விலைவாசி இருக்கும் நிலையில் அந்த மிளகாயை வீசச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் மிளகாய், நிலக்கடலை, கொப்பரா போன்றவற்றில் பிடிக்கும் சில பூஞ்சணங்கள் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. அது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். வெயில் பூஞ்சணத்தைக் காயவைக்குமே தவிர நஞ்சை எடுக்காது. வறுத்தாலும் அவித்தாலும் அது முழுதாக அழிவதில்லை. இதை நான் சொல்லச் சொல்ல அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தானே போத்தலை வாங்கிக்கொண்டு போய், கோழிகள் கிளறாதபடி பின்வளவில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார். இப்போது மாதத்துக்கு வேண்டிய 250 கிராம் மட்டும் வாங்குகிறோம்.

அரிசியில் வண்டு இருந்ததை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். வேப்பிலை வண்டை விரட்டுமே ஒழிய அரிசிமணிக்குள் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. சிறிய அளவென்றால் உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து எடுப்பதுதான் வழி.

குளிர்சாதனப் பெட்டியில் எல்லோரும் உள்ளே துடைக்கிறார்கள், கதவின் இறப்பரை மறந்துவிடுகிறார்கள். வெப்பநிலை 30 பாகையாகவும் சாரீரப்பதன் 80 சதவீதமாகவும் இருக்கும் நாளில், 26 பாகையிலும் குறைந்த எந்தப் பொருளின்மேலும் காற்றிலுள்ள நீர் வியர்வையாக இறங்கும். கதவு விளிம்பு எப்போதும் அதைவிடக் குளிர்ந்தது. இறப்பரின் மடிப்பை விரலால் விரித்தபோது, உள்ளே கண்மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு சுற்றிவர ஓடியது. பழைய பற்தூரிகையும் சவர்க்கார நீரும் கொண்டு ஒரு சாண் ஒரு சாணாக எடுக்க அரை மணித்தியாலம் பிடித்தது. துடைத்த பின்பு ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். கீழ் மூலையில் தடையில்லாமல் வந்துவிட்டது. அந்த இடத்தில்தான் குளிர் கசிந்து பெட்டி வியர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டியின் பின்னால் கீழே நீர் சேரும் தட்டையும் கழற்றிக் கழுவுங்கள், நுளம்பு அங்கேயும் முட்டையிடும்.

சுளகு, நீத்துப்பெட்டி, இடியப்பத் தட்டு ஆகியவற்றைக் கழுவி முற்றத்து வெயிலில் வைத்தோம். பனையோலைச் சாமானை மூடிய தட்டில் வைக்கவே கூடாது. ஆணியில் தொங்கவிட்டால் வருடக்கணக்கில் இருக்கும். எரிவாயு அடுப்பை நகர்த்தும்போது குழாய்ப் பொருத்தில் சவர்க்கார நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். 2021ஆம் ஆண்டு இறுதியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்த பிறகு இதை நான் ஒருபோதும் தவறவிடுவதில்லை.

கடைசியாக, நீராவியைப் பற்றி ஒரு கணக்கு. பத்தடி நீளம், பத்தடி அகலம், ஒன்பதடி உயரமான எங்கள் குசினியில் அடைபடும் காற்று ஏறத்தாழ 25 கனமீற்றர். 30 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 30 கிராம். மாரிகாலத்தில் அதில் 80 சதவீதம் ஏற்கனவே நிறைந்திருக்கும். மிஞ்சிய இடத்தில் கொள்ளக்கூடியது 150 கிராம், அதாவது ஒரு தேநீர்க் கோப்பை நீர். யன்னலைச் சாத்திக்கொண்டு புட்டு அவிக்கும் ஒரு காலைப்பொழுதில் அதற்கு மேலேயே நீர் ஆவியாகப் போகும். காற்று கொள்ளாத மிச்ச ஆவி சுவரில்தான் திரும்ப இறங்க வேண்டும். அதனால் அடுப்பு மூட்டும்போதே காற்றை வெளித்தள்ளும் விசிறியைப் போட்டு, அடுப்பை நிறுத்திய பின்பும் இருபது நிமிடம் ஓடவிடுகிறோம். வாடை நேராக அடிக்கும் நாட்களில் கடற்பக்க யன்னலை மூடி, வளவுப்பக்கத்தைத் திறக்கிறோம்.

கழுவிய அலுமாரிகளை இரண்டு பகலும் இரண்டு இரவும் கதவு திறந்தபடி வெறுமையாக விட்டோம். மேசைவிசிறியைத் தரையில் வைத்துக் கீழ்த்தட்டுகளுக்குக் காற்றைத் திருப்பினேன். அந்த இரண்டு நாளும் சமையல் பின்விறாந்தையில், ஒற்றை அடுப்பில். திங்கட்கிழமை அடுக்கும்போது, சுவருக்கும் போத்தல்களுக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி விட்டோம். பலகைகளின் வெட்டு விளிம்புகளுக்கு வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசியிருந்தேன்.

நேற்றிரவு இந்த வருடத்து வாடையின் முதற்பெருமழை. விடிய எழுந்து டோர்ச் அடித்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். சுவர் உலர்ந்திருந்தது, உப்புப் போத்தல் மட்டும் வழமைபோலக் கட்டிபட்டிருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே, இடப்பக்க மூலையில், விரலுக்கு ஈரம் தட்டுப்பட்டது. குழாய்ப் பொருத்து கசிகிறது. அந்தத் தட்டை வெறுமையாக்கிவிட்டேன். நாளைக்குக் குழாய்வேலை செய்பவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.