டிஸ்க் பழசு, மெஷின் வேற

பின்னேரம் இடி முழங்கும் மாதங்களில் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் யாராவது ஒருவர் வீட்டுக் கணினியின் மதர்போர்ட் போய்விடும், டிஸ்க் மட்டும் தப்பிக்கும். அதைக் கழற்றி, கைக்குக் கிடைத்த இன்னொரு மெஷினில் மாட்டுவார்கள். லினக்ஸ் என்றால் பெரும்பாலும் எழும்பிவிடும், பாகங்களை இயக்கும் டிரைவர்களில் முக்கால்வாசி கர்னல் என்ற அதன் உள்மையத்தோடேயே வருகின்றன, ஒவ்வொரு முறை எழும்பும்போதும் என்ன இருக்கிறது என்று அது புதிதாகத்தான் தேடும். தொல்லை எல்லாம் பழைய மெஷினுக்கென்று எழுதி வைத்த கோப்புகளால் வருவது.

டியூஷன் வகுப்பு வைத்திருக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, நெட்வேர்க் கார்டையே காணோம், புதுசு வாங்கணுமா?" என்று கேட்டார். அவரிடம் இருந்தது டெபியன் என்ற லினக்ஸ் வகை. மெஷினில் உள்ள கார்டுகளையும் அவற்றின் டிரைவர்களையும் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -கே சேர்த்து அடிக்கச் சொன்னேன். ரியல்டெக் கார்டு இருக்கிறது, கீழேயே ஆர்8169 டிரைவர் ஓடுவதாகவும் காட்டுகிறது. அப்புறம் என்ன காணோம்? கார்டின் பெயர் அது போர்டில் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. பழையதில் இஎன்பி3எஸ்0, இதில் இஎன்பி2எஸ்0. நெட்வேர்க் அமைப்பை எழுதி வைக்கும் இன்டர்பேசஸ் கோப்பில் பழைய பெயரே கிடந்தது, அந்த ஒரு எண்ணை மாற்றியதும் நெட் வந்துவிட்டது. காசு கொடுத்து கார்டு வாங்கியிருந்தாலும் இதே வேலையைத்தான் செய்திருக்க வேண்டும்.

திரை கறுப்பாகவே நின்றால், பழைய மெஷினில் என்விடியா கார்டு இருந்ததா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் எழுத்துத் திரை வரும், அங்கே போய் அந்தக் கார்டுக்கென்று எழுதிய எக்ஸ்ஆர்க் கான்ஃப் என்ற திரை அமைப்புக் கோப்பு மிஞ்சியிருந்தால் பெயரை மாற்றிவிட்டு மறுபடி எழுப்பினால் பெரும்பாலும் சரி.

வைஃபை மட்டும் வேறு கதை. அதற்கு உண்மையிலேயே ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள் ஏற்றும் சிறு மென்பொருள் வேண்டும், டிஎம்இஎஸ்ஜி கட்டளை காட்டும் கர்னல் பதிவில் எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பெயரோடு எழுதியிருக்கும். 2023இல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேருக்குத் தனிப் பிரிவு, 11இலிருந்து ஏறி வந்தவர்கள் அதை, மென்பொருள் எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஃபர்ம்வேரை இறக்கவே நெட் வேண்டுமே என்றால், போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் நெட்டைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங் போடுங்கள். தோட்டத்து லய வீட்டுக்குள் சிக்னல் இல்லாவிட்டால் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏற வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

பழைய மெஷின் இன்னும் உயிரோடு இருந்தால், டிஸ்க்கைக் கழற்றும் முன் லினக்ஸ் எழும்பும்போது முதலில் ஏறும் சிறு தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸின் அமைப்புக் கோப்பு, இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபைத் திறந்து மாட்யூல்ஸ் வரியில் டெப் என்று இருந்தால் மோஸ்ட் ஆக்கி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டிவிடுங்கள். டெப் என்றால் அந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும்தான் உள்ளே போகும், வேறு டிஸ்க் கன்ட்ரோலர் உள்ள மெஷினில் டிஸ்க்கே தெரியாமல் நின்றுவிடும்.

விண்டோஸ் டிஸ்க்கை மாற்றி மாட்டி, நீலத்திரையில் 7பி பிழை (டிஸ்க்கை அணுக முடியவில்லை என்பது) வந்தால், முதலில் கணினியை எழுப்பும் பயாஸ் அமைப்பில் டிஸ்க்கை இணைக்கும் முறையான சாட்டா மோட் பழைய மெஷினில் இருந்த மாதிரியே ஏஎச்சிஐயா ஐடிஇயா என்று பாருங்கள். ஃபார்மட் பண்ணச் சொல்பவரிடம் அதற்குப் பிறகு போகலாம்.