ப்ராட் ஆத்துக் காட்டுக்கு சட்டம் வாங்கின கதை

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணி, அண்ணா, வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் பக்கத்துக் காட்டையும் ஆறுகளையும் காப்பாத்தற சட்டத்துக்கான மசோதா, அந்த வைல்ட் ஒலிம்பிக்ஸ் பில்லுக்கு லெட்டர் போடுங்கன்னு சொல்றாங்களே, 2012லேர்ந்து இதையேதான சொல்லிட்டிருக்காங்க, நம்ம ஒரு லெட்டர் போட்டு என்ன ஆகப்போவுதுன்னு கேட்டான். போன்ல சொல்லி முடியாதுடா, எழுதி அனுப்பறேன்னு சொன்னேன். அதான் இது. கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஏன்னா நான் கூட இருந்து பாத்த ஒரு பில்லு பாஸ் ஆக ஏழு வருஷம் ஆச்சு, அதுல அஞ்சு வருஷத்துக்கு மேல நானும் இருந்தேன்.

நான் வாஷிங்டன் மாநிலத்துல ரெட்மண்டுக்கு வந்தது 2008ல, H-1பி விசாவுல. அடுத்த வருஷம் ஆபீஸ்ல கூட வேலை பாத்த ஒருத்தர் ஹைக்கிங் கூட்டிட்டுப் போனாரு. ஐ-90 ஹைவேல நார்த் பெண்ட் ஊரைத் தாண்டி எக்ஸிட் 34ல இறங்கி, மிடில் ஃபோர்க் ஸ்னோக்வால்மி ஆத்தை ஒட்டியே ஒரு ரோடு போகும், அப்ப அது தார் போடாத ரோடு, குழியில இறங்கி குழியில ஏறி கார் அடி தட்டிட்டே போச்சு. ஆத்துக்கு குறுக்க வளைவா ஒரு மரப்பாலம், அதைத் தாண்டி எல்லாரும் இடது பக்கம் போவாங்க, நாங்க வலது பக்கம் ப்ராட் ஆறு இருக்கற பக்கம் போனோம். பாதி இடத்துல தடமே தெரியல. அங்கதான் அந்த அடிமரத்தைப் பாத்தேன். செடார் மரம், எப்பவோ வெட்டினது, நாலு பேர் கை கோத்தாக்கூட சுத்திப் பிடிக்க முடியாது, தலை உயரத்துல ரெண்டு பக்கமும் வாய் மாதிரி வெட்டு. என்னன்னு கேட்டா, அதுல பலகையை சொருகி அது மேல ஏறி நின்னுதான் ஆளுங்க ரம்பம் இழுத்திருக்காங்களாம், அடியில மரம் ரொம்ப அகலம்னு. அந்த அடிமரத்து உச்சியில இன்னொரு மரம் முளைச்சு, வேரு ரெண்டு பக்கமும் வழிஞ்சு மண்ணைத் தொட்டிருந்துச்சு. நான் தேனிப் பக்கத்துக்காரன், மலையடிவாரத்துலயே வளந்தவன், ஆனா வெட்டின காடு தானா திரும்பி வர்றதை இவ்ளோ கிட்டக்க பாத்தது அன்னிக்குத்தான்.

இந்தக் காடு பத்திரமா இருக்குல்லன்னு நான் கேட்டேன். நேஷனல் ஃபாரஸ்ட் தானேன்னு நெனச்சேன். அவரு சொன்னாரு, மவுண்ட் பேக்கர்-ஸ்னோக்வால்மி நேஷனல் ஃபாரஸ்ட்தான், ஆனா நேஷனல் ஃபாரஸ்ட்னா மரம் வெட்டலாம், ரோடு போடலாம், பிளான் மாறினா எல்லாம் மாறும், வில்டர்னஸ்னு காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் போட்டாத்தான் அசைக்க முடியாதுன்னு. 1964ல ஜான்சன் கையெழுத்துப் போட்ட வில்டர்னஸ் ஆக்ட் அது. அதுக்குள்ள வந்துட்டா ரோடு கிடையாது, மோட்டார் கிடையாது, செயின்சா கூட கிடையாது, வியாபாரத்துக்கு மரம் வெட்டறது கிடையாது. நடக்கலாம், குதிரையில போகலாம், வேட்டை, மீன்பிடி எல்லாம் வழக்கம்போல. ஒரு அதிகாரி நெனச்சா இதை எடுக்க முடியாது, காங்கிரஸ்தான் போடணும், காங்கிரஸ்தான் எடுக்கணும்.

பக்கத்துலயே ஆல்பைன் லேக்ஸ் வில்டர்னஸ் 1976லேர்ந்து இருக்கு. அப்ப அதிபர் ஃபோர்டுகிட்ட கையெழுத்துப் போடாதீங்கன்னு அதிகாரிங்க சொன்னப்போ, இந்த மாநில கவர்னர் டேன் எவன்ஸ் நேரா போய் அந்த ஏரிகளோட போட்டோ புத்தகத்தைக் காட்டிப் பேசினதா சொல்லுவாங்க, கையெழுத்தும் விழுந்துச்சு. ஆனா அந்த எல்லைக்கோட்டை மேப்ல பாத்தீங்கன்னா புரியும், உள்ள இருக்கறதுல பெரும்பாலும் உசரம், பாறையும் பனியும் ஏரியும். மரம் நல்லா வளர்ற தாழ்வான பள்ளத்தாக்கு பூரா கோட்டுக்கு வெளிய. மரத்துக்கு விலை இருக்குல்ல, அதனால விட்டுட்டாங்க. வருஷத்துல முக்காவாசி நாள் பனியில்லாம சின்னப் பசங்களும் நடக்கக்கூடிய காடு, மான் குளிர்காலத்துல இறங்கி வர்ற காடு, அதுக்குத்தான் பாதுகாப்பு இல்ல. அதைச் சேக்கத்தான் 2007ல பில்லு வந்துச்சு. கீழ்ச்சபையான ஹவுஸ்ல குடியரசுக் கட்சி டேவ் ரைகர்ட், அப்புறம் மேல்சபையான செனட்ல ஜனநாயகக் கட்சி பேட்டி மர்ரி கொண்டு வந்தாங்க. சுமார் 22,000 ஏக்கர் வில்டர்னஸ், கூடவே ப்ராட் ஆறு 9.5 மைல், மிடில் ஃபோர்க் 27.4 மைல், ரெண்டுக்கும் வைல்ட் அண்ட் சீனிக் ரிவர் பாதுகாப்பு, அதாவது அணை கட்ட முடியாது. அணைங்கறது சும்மா பயம் இல்ல, மிடில் ஃபோர்க்ல அணை கட்டற பேச்சு 1970கள்ல நெஜமாவே நடந்துச்சு.

நான் செஞ்ச முதல் வேலை, எங்க தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் ஆபீஸுக்கு லெட்டர். எனக்கு ஓட்டு கிடையாதே, நான் எழுதலாமான்னு பெரிய தயக்கம். இதை நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்கறாங்க, அதனால அழுத்தமா சொல்றேன், எழுதலாம். அந்தத் தொகுதியில குடியிருந்தா போதும், விசா என்னன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கிரீன் கார்டு இல்லாதவங்க தேர்தலுக்குப் பணம் குடுக்கறதுதான் கூடாது. ஆனா ரெடிமேடா இருக்கற லெட்டர்ல பேரை மட்டும் போட்டு அனுப்பாதீங்க. நான் முதல்ல அப்படித்தான் அனுப்பினேன், ரெண்டு மாசம் கழிச்சு அச்சடிச்ச பதில் வந்துச்சு, நன்றின்னு. அடுத்த தடவ அந்த அடிமரத்தைப் பத்தி எழுதினேன், என் பொண்ணு அது மேல முளைச்ச மரத்தைத் தொட்டுப் பாத்ததை எழுதினேன். அப்புறம் ஒரு நாள் அந்த ஆபீஸ்லேர்ந்து போனே வந்துச்சு, ஒரு மீட்டிங் இருக்கு வர்றீங்களான்னு.

அந்த மீட்டிங்லதான் மேப்பை முதல் தடவ பாத்தேன். ஒரு நூலகத்துல பெரிய மேஜை, அது மேல பாய் மாதிரி விரிச்ச மேப், நாலு மூலையிலயும் காபி கப்பு. வேலையை எடுத்து நடத்தினது எழுபது வயசு தாண்டின ஒரு அம்மா, 1976 போராட்டத்துலயே இருந்தவங்க, பென்சில காதுல சொருகிக்கிட்டு ஒவ்வொரு இடமா விரல வச்சு சொல்லிட்டே போனாங்க, இங்க ரோட்டுலேர்ந்து கோட்டை தள்ளி வச்சிருக்கோம், ஏன்னா வெள்ளத்துல ரோடு அடிச்சிட்டுப் போச்சுன்னா நகத்திப் போட இடம் வேணும், இங்க வெட்டின மரத்தை ஏத்திட்டுப் போன ஒரு பழைய ரயில் தடம், அதை நடைபாதை ஆக்கலாம்னு. எனக்கு அதுவரைக்கும் சட்டம்னா எழுத்துன்னுதான் நெனப்பு. வில்டர்னஸ் பில்லுல எழுத்து கம்மி, "இந்தத் தேதியிட்ட மேப்ல காட்டியபடி"ன்னு ஒரு வரி வரும், உயிரே அந்த மேப்லதான். பென்சில் அரை இன்ச் நகந்தா ஒரு ஓடை உள்ள வரும் இல்லன்னா வெளிய போகும்.

ரொம்ப நேரம் பேசினது சைக்கிள் பத்தி. வில்டர்னஸுக்குள்ள சைக்கிளும் கிடையாது, சக்கரம் வச்ச எந்த வண்டியும் ஓட்டக்கூடாது. மிடில் ஃபோர்க் டிரெய்ல்ல கோடையில ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிள் விடுவாங்க, அதை எடுத்துட்டா மவுண்டன் பைக் ஆளுங்க முழுசா எதிர்ப்பாங்க, நியாயமும் அவங்க பக்கம் இருக்கு, அந்த டிரெய்லை வெட்டி சீர் பண்றவங்கள்ல நிறைய பேர் அவங்கதான். கடைசியில அந்த டிரெய்லை ஒட்டி ஒரு பட்டை காட்டை வெளிய விட்டு கோடு போட்டாங்க. எனக்கு அப்ப மனசு கேக்கல, அந்த ஆத்தங்கரை மரங்கதான் இருக்கறதுலயே பெருசு. அந்த அம்மாகிட்ட சொன்னேன். அவங்க, அந்தத் தண்ணிக்கு வைல்ட் அண்ட் சீனிக் பாதுகாப்பு தனியா வருது தம்பி, மரத்துக்காக மனுசங்களை இழந்தா ரெண்டும் கிடைக்காதுங்கற மாதிரி சொன்னாங்க. இன்னிக்கு யோசிச்சா அவங்க சொன்னதுதான் சரி.

இன்னொரு எதிர்ப்பு, ஏற்கனவே வெட்டின காட்டை எப்படி வில்டர்னஸ்னு சொல்லுவீங்கன்னு. இதே வாதம்தான் வடக்க இருக்கற வைல்ட் ஸ்கை பில்லுக்கும் வந்துச்சு, 2002லேர்ந்து செனட்ல திரும்பத் திரும்ப பாஸ் ஆகியும் ஹவுஸ் கமிட்டியில நின்னு, 2008 மே மாசம்தான் புஷ் கையெழுத்துப் போட்டாரு, 1,06,000 ஏக்கருக்கு மேல. அது பாஸ் ஆனதுதான் எங்களுக்கு தைரியம். வெட்டின காடு திரும்பி வரும், நாம கைய எடுத்தா போதும்னு அந்த அடிமரமே சொல்லுதேன்னு நான் எல்லாருக்கும் போட்டோ காட்டிட்டே திரிஞ்சேன்.

இப்ப காங்கிரஸ் கணக்கு. ஒரு காங்கிரஸோட ஆயுசு ரெண்டு வருஷம். அதுக்குள்ள பில்லு கமிட்டி, ஹியரிங், ஓட்டு, அடுத்த சபை எல்லாத்தையும் தாண்டணும். தாண்டலன்னா அதோட செத்துச்சு, அடுத்த காங்கிரஸ்ல புது நம்பர் போட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எங்க பில்லு இப்படி மூணு தடவ செத்துச்சு, 2008 கடைசியில, 2010 கடைசியில, 2012 கடைசியில. ஒவ்வொரு தடவையும் அதே லெட்டரை நம்பரை மட்டும் மாத்தி எழுதறப்ப கை கனக்கும். அந்த 2011-12 காங்கிரஸ்ல நாடு முழுக்க ஒரு ஏக்கர் கூட புதுசா வில்டர்னஸ் ஆகல, 1966க்கு அப்புறம் அப்படி நடந்த முதல் காங்கிரஸ் அது. நடுவுல தொகுதியையே மாத்தி வரைஞ்சுட்டாங்க, ரெட்மண்ட்ல நான் இருந்த பக்கம் ரைகர்ட் தொகுதியிலேர்ந்து போயி, 2012 தேர்தல்ல ஜெயிச்ச சூசன் டெல்பெனி கிட்ட வந்துச்சு. திரும்பவும் புது ஆபீஸ், புது ஆள், மேப்பை விரிச்சு ஆரம்பத்துலேர்ந்து சொல்லணும். நல்லவேளை டெல்பெனியும் ரைகர்ட் கூட சேந்துக்கிட்டாங்க, ரெண்டு கட்சியும் கடைசி வரைக்கும் ஒண்ணா நின்னது இந்தப் பில்லோட பெரிய பலம்.

நான் செஞ்சதுல உருப்படியான வேலைன்னா கடை லெட்டர்தான். நார்த் பெண்ட்ல ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை, ஒரு மோட்டல்னு சனிக்கிழமை சனிக்கிழமையா ஏறி இறங்கி, இந்தக் காட்டுக்கு வர்றவங்களாலதான் எங்க வியாபாரம்னு அவங்களே அவங்க வார்த்தையில எழுதித் தர வச்சேன். காடு அழகுன்னு நூறு பேர் எழுதறதை விட ஒரு கடைக்காரர் தன் லெட்டர்ஹெட்ல நாலு வரி எழுதறதுக்கு அங்க மதிப்பு ஜாஸ்தி. சிலர் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னாங்க, அரசாங்கம் எங்க காட்டைப் பூட்டுதுன்னு கோவப்பட்டாங்க, பூட்டலீங்க, நீங்க வேட்டைக்குப் போற இடம் அப்படியே இருக்கும்னு சொல்லி மேப்பைக் காட்டினா ரெண்டு பேராவது உக்காந்து கேட்டாங்க.

2013 ஜூன்ல செனட்ல ஒருத்தர் கூட மறுக்காம பாஸ் ஆச்சு. ஆபீஸ்ல உக்காந்து அந்த மெயிலைப் பாத்து கண்ணு கலங்கிருச்சு. ஆனா ஹவுஸ் கமிட்டியில அப்படியே நின்னுச்சு, ஒரு வருஷம், அப்புறம் இன்னும் ஆறு மாசம். 2014 நவம்பர் முடியறப்ப நாலாவது சாவுன்னு முடிவே பண்ணிட்டேன். டிசம்பர் முதல் வாரம் அந்த அம்மா போன் பண்ணி, டிஃபென்ஸ் பில்லுல சேத்துட்டாங்கங்கறாங்க. ராணுவ பட்ஜெட் பில்லு, 1,600 பக்கத்துக்கு மேல, வருஷா வருஷம் எப்படியும் பாஸ் ஆயிடும்னு அதுல நாடு முழுக்க தேங்கிக்கிடந்த காட்டு பில்லெல்லாம் கட்டுக்கட்டா சேத்துட்டாங்க. நியூ மெக்சிகோ, கொலராடோ, மொன்டானா, நெவாடான்னு எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 2,50,000 ஏக்கர் வில்டர்னஸ். டிசம்பர் 4 ஹவுஸ், 12 செனட், 19ஆம் தேதி ஒபாமா கையெழுத்து. ஏழு வருஷம் நகராதது ரெண்டு வாரத்துல முடிஞ்சுது.

ஆனா முழுசா சந்தோஷப்பட முடியல, அதையும் இங்க எழுதணும். அதே கட்டுல, அதே சட்டத்துல, அரிசோனாவுல டோன்டோ நேஷனல் ஃபாரஸ்ட்ல ஓக் ஃப்ளாட்ங்கற இடத்தை ஒரு செம்புச் சுரங்கக் கம்பெனிக்கு மாத்திக் குடுக்க வழி பண்ணிட்டாங்க, சுமார் 2,400 ஏக்கர். அது அப்பாச்சி மக்கள் சாமி கும்பிடற இடம், பொண்ணுங்க வயசுக்கு வந்தா சடங்கு பண்ற இடம், அதுல ஒரு பகுதி 1955ல ஐசன்ஹவர் காலத்துல சுரங்கம் தோண்டக்கூடாதுன்னு ஒதுக்கி வச்சது. எங்க பள்ளத்தாக்குக்கு ஆமான்னு விழுந்த ஒவ்வொரு ஓட்டும் அதுக்கும் ஆமா. எனக்கு இது தெரிஞ்சது கையெழுத்துக்கு நாலு நாள் முன்னாடி. அந்த அம்மாவும் அன்னிக்கு ரொம்ப நேரம் பேசல. தேனியில மலையில கோயில் வச்சுக் கும்பிடறவங்க வம்சத்துல வந்தவன் நான், அதைப் படிச்சுட்டு, சட்டம் பாஸ் ஆனதைக் கொண்டாடற பார்ட்டிக்குப் போக மனசு வரல, போகல. தம்பி, கட்டுல போட்டு பாஸ் பண்றாங்கன்னா நம்ம பக்கத்தை மட்டும் படிக்காத, மிச்சப் பக்கத்தையும் படி, அதுக்கும் சேத்து ஆபீஸுக்கு போன் பண்ணு. நான் பண்ணியிருக்கணும்.

அடுத்த கோடையில ப்ராட் டிரெய்ல்ல விழுந்த மரத்தை எடுக்கற வேலைக்குப் போனேன். சட்டம் வந்துட்டதால செயின்சா கிடையாது, ஆறடி ரம்பம், ரெண்டு பக்கமும் கைப்பிடி. இழுக்கணும், தள்ளக்கூடாது, தள்ளினா பிளேடு வளைஞ்சு மாட்டிக்கும், எதிர்ல இருக்கறவர் இழுக்கறப்ப நாம கைய லூசா விடணும். ஒரு மரத்துக்கு முக்கால் மணி நேரம். அந்தச் சத்தம் மட்டும்தான், பக்கத்துல ஆத்துச் சத்தம். மதியம் சாப்பிட அந்த அடிமரத்துகிட்டதான் உக்காந்தோம், அது மேல இருக்கற மரம் என் பொண்ணை விட வேகமா வளந்திருந்துச்சு.

வைல்ட் ஒலிம்பிக்ஸ் இதை விடப் பெருசு, 1,26,000 ஏக்கருக்கு மேல, 19 ஆறு. லெட்டரை நீயே எழுது, எங்க நடந்த, யாரோட போன, என்ன பாத்தன்னு எழுது. அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கம் கடைங்களுக்குப் போறேன், காலையில ஆறு மணிக்கு கிளம்புவேன், வந்தா கார்ல இடம் இருக்கு.