நிவாரணக் களம், நீதிமன்றம், நிறுவன நிர்வாகம்: மூன்றிலும் நிற்க விரும்புகிறவர்களுக்கு

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரிக் கரையோரத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களில் சிலர் பின்னாளில் கறுப்புக் கோட் போட்டார்கள். சிலர் அங்கிருந்து நிறுவனங்களின் நிர்வாகத்துக்கும் போனார்கள். 2015 சென்னை வெள்ளமும் 2018 கஜா புயலும் இன்னொரு தலைமுறையை இதே பாதைக்குக் கொண்டுவந்தன. இந்த வழியில் வர நினைப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, ‘மூன்றும் ஒருவரால் முடியுமா?’ முடியும். ஆனால் எதை முதலில் செய்வது, எதை எப்போது நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு துறையின் விதி இன்னொரு துறையின் வாசலை அடைக்கும் இடங்கள் இந்தப் பாதையில் நான்கைந்து உண்டு. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வருடங்கள் மிச்சமாகும்.

களத்தில் இருக்கும்போது ஸ்ஃபியர் தரநிலைகளை, அதாவது நிவாரண வேலைக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகளை, மனப்பாடமாகவே வைத்திருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் போகக்கூடாது. தண்ணீர் பிடிக்கும் இடம் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தங்குமிடத்தில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், பொதுக் கழிப்பறை 20 பேருக்கு ஒன்று. கலெக்டர் அலுவலகக் கூட்டத்தில் ‘முகாமில் வசதி போதவில்லை’ என்று சொன்னால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ‘420 பேருக்கு 6 கழிப்பறை, 21 வேண்டும்’ என்று சொன்னால் மறுநாள் ஆள் அனுப்புவார்கள். பின்னாளில் நீதிமன்றத்திலும் இயக்குநர் குழுவிலும் இதே பழக்கம்தான் கைகொடுக்கும்.

அதைவிட முக்கியம் பொருள் வழங்கும் பதிவேடு. வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், ரேஷன் அட்டை எண், குடும்பத்தில் எத்தனை பேர், பொருள், அளவு, தேதி, வாங்கியவரின் கையெழுத்து அல்லது கைரேகை, வழங்கியவரின் கையெழுத்து, உள்ளூர் சாட்சி ஒருவர். இந்தப் பத்துப் பத்தியில் ஒன்று விடுபட்டாலும் தணிக்கையில் கேள்வி வரும். பெயர்தான் அதிகம் சிக்கலாகிற இடம். ரேஷன் அட்டையில் ‘மு. செல்வி’, வாக்காளர் அட்டையில் ‘செல்வி முருகன்’, மீனவர் கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தில் ‘செல்வராணி’ என்று மூன்று விதமாக இருக்கும். மூவரும் ஒருவரே என்று அப்போதே வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கிவிட வேண்டும். அரிசி வாங்க அது தேவைப்படாது. வீட்டுமனைப் பட்டா, வாரிசுச் சான்று, இழப்பீடு என்று போகும்போது தாசில்தார் அலுவலகத்தில் கோப்பு நிற்பது இந்த ஒரு விஷயத்தால்தான். காணாமல் போனவர் குடும்பம் என்றால் காவல் நிலையப் புகாரின் ரசீது அன்றே கையில் இருக்க வேண்டும். ஏழு ஆண்டு தகவலே இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது பொதுவிதி. பேரிடரை ஒட்டி அரசு தனி நடைமுறை அறிவித்தாலும் அந்தப் புகார் இல்லாமல் எதுவும் நகராது.

களத்துக்கும் சட்டத்துக்கும் இடையே சட்டமே போட்டுவைத்த பாலம் ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெரும் பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. அதற்கு வருமானச் சான்று கேட்கக்கூடாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டம்சார் தன்னார்வலராகச் சேர வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. தொண்டு நிறுவன ஊழியர்களையும் சட்ட மாணவர்களையும் எடுக்கிறார்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்யும் நாள்வரை அதில் இருக்கலாம். சட்டப் படிப்பில் சேர்வதற்கு முன் இதில் இருந்து பாருங்கள். நீதிமன்ற வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது படிப்பு. பட்டம் பெற்றவர்களுக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. பொதுப் பிரிவுக்குப் பட்டப் படிப்பில் 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம் என்பது வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பெண். தமிழ்நாட்டில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை மதிப்பெண் அடிப்படையில்தான், நுழைவுத் தேர்வு கிடையாது. களப்பணியாளர்கள் இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவருக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடையாது. எப்படியோ சேர்ந்துவிட்டாலும் வழக்கறிஞராகப் பதிவு செய்யும் என்ரோல்மென்டில் நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று வருகைப் பதிவு. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வேண்டும். அஞ்சல் வழியிலோ வார இறுதியிலோ படித்த சட்டப் பட்டம் தொழில் செய்ய உதவாது. 2024 செப்டம்பரிலிருந்து, வேலையில் இருக்கிறாரா, இருந்தால் தடையில்லாச் சான்று உண்டா என்பதையும் மாணவரிடம் எழுதி வாங்கச் சொல்லி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. புயல் வந்தால் மூன்று வாரம் களத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் பழக்கம் இந்த மூன்று ஆண்டில் நடக்காது. அதற்கேற்ற சேமிப்போடு போக வேண்டும். முழுநேர வேலையை விட்டுவிட்டு, பயிற்சி நடத்துவது, அறிக்கை எழுதுவது போன்ற துண்டு வேலைகளை வைத்துச் சமாளிப்பதே நடைமுறையில் சாத்தியம்.

பட்டம் முடிந்ததும் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். வேறு தலைப்புகளில் கூடுதலாக வாங்கக் கூடாது என்று கௌரவ் குமார் வழக்கில் 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவல்துறை சரிபார்ப்பு உண்டு. மீனவர் போராட்டத்திலோ நிலப் பிரச்சினையிலோ உங்கள் மேல் எஃப்.ஐ.ஆர். இருந்தால் மறைக்காதீர்கள். வழக்கின் நிலையைக் காட்டும் நகல்களோடு நீங்களே எழுதிக்கொடுங்கள். நிலுவை வழக்கு பதிவைத் தாமதப்படுத்தலாம், ஆனால் மறைத்தது பிறகு வெளிவந்தால் சன்னதே (வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமமே) போய்விடும். பதிவுக்குப் பின் இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வு. 100 கேள்வி, தவறுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, தமிழிலும் எழுதலாம். குறிப்பு எழுதாத வெற்றுச் சட்டப் புத்தகம் கொண்டுபோகலாம். புத்தகம் கையில் இருக்கிறதே என்று படிக்காமல் போகிறவர்களுக்கு நேரம் போதாது. எந்தச் சட்டத்தில் எந்த அத்தியாயம் எங்கே இருக்கிறது என்று விரல் பழகியிருக்க வேண்டும்.

ஜூனியர் காலம் கடினம். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டது. எல்லா அலுவலகத்திலும் அது கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். நிவாரணப் பின்னணி உள்ளவர்களுக்கு இந்தக் காலத்தில் தனியாகக் கிடைக்கும் வேலை, தொண்டு நிறுவனங்களின் சட்ட இணக்கம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் அதில் பெரும்பகுதி. 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் எஸ்.பி.ஐ. புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது. சுனாமி சமயத்தில் பெரிய அமைப்புகள் பணம் வாங்கி, கிராமத்தை அறிந்த சிறிய அமைப்புகள் வழியே செலவழித்தார்களே, அந்த முறை வெளிநாட்டுப் பணத்துக்கு இப்போது இல்லை. எங்கள் பார்வையில் பேரிடர் நிவாரணத்தை அதிகம் முடக்கிய மாற்றம் இதுதான். பொருளைப் பெரிய அமைப்பே தன் பெயரில் கொள்முதல் செய்து, தன் பதிவேட்டிலேயே கையெழுத்து வாங்கி, பயனாளிக்கு நேரடியாகக் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டப்படி தொண்டு நிறுவனம் வாங்கும் பதிவுச் சான்று ஐந்து ஆண்டுதான் செல்லும். புதுப்பிக்கும் மனுவைக் கடைசி மாதம்வரை தள்ளிப்போட்டவர்கள் புயல் நேரத்தில் கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் நின்றிருக்கிறார்கள்.

இனி, பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம். பார் கவுன்சில் விதி 49, வழக்கறிஞர் எந்த ஆளிடமும், அரசிடமும், நிறுவனத்திடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது. தொண்டு நிறுவனமும் இதில் அடங்கும். சேவைதானே என்று விலக்கு இல்லை. தொடர்ந்து வக்காலத்து போட வேண்டும் என்றால் தொண்டு நிறுவனத்தோடு உங்கள் உறவு ஆலோசகர் ஒப்பந்தமாக இருக்க வேண்டும். பெயரளவில் ஆலோசகர் என்று போட்டுவிட்டு, பி.எஃப்., விடுப்புக் கணக்கு, காலை ஒன்பதரைக்கு வருகைப் பதிவு என்று வைத்தால் அது வேலைதான். கட்டண ரசீது நீங்கள் தர வேண்டும். வரியும் சம்பளத்துக்குரிய பிரிவில் போகாமல் தொழில்முறைக் கட்டணத்துக்குரிய பிரிவில் பிடிக்கப்பட வேண்டும்.

நிறுவனத்தில் சட்டத் துறைத் தலைவராகவோ சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) தலைவராகவோ முழுநேரமாகச் சேர்வதென்றால் சேரும்போதே பார் கவுன்சிலுக்கு எழுதி, சன்னதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். மனு, உறுதிமொழிப் பத்திரம், நியமன ஆணை நகல், அசல் பதிவுச் சான்று, அடையாள அட்டை எல்லாம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஏற்றுக்கொண்ட கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், திரும்பத் தொழிலுக்கு வரும்போது அதுதான் ஆதாரம். விதி 48 இன்னொரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. நிர்வாகப் பொறுப்பு இல்லாத இயக்குநராகவோ குழுத் தலைவராகவோ வழக்கறிஞர் இருக்கலாம், அமர்வுக் கட்டணமும் வாங்கலாம். மேலாண்மை இயக்குநராகவும் கம்பெனி செக்ரட்டரியாகவும் மட்டும் இருக்கக் கூடாது.

நிறுவனத்துக்குள் போனபின் களம் தெரிந்தவரின் மதிப்பு சி.எஸ்.ஆரில்தான் உடனே தெரியும். முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றை எட்டினாலும் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு பொருந்தும். மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். இங்கே ஆண்டுதோறும் பார்க்கும் தவறு ஒன்று: நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்குள் என்ற விதியைக் காட்டி, தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர் சம்பளத்தையும் அந்த ஐந்துக்குள் அடக்கச் சொல்வார்கள் நிதித் துறையினர். அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தும் செலவுக்கானது. திட்டத்தை நடத்தும் அமைப்பின் செலவு அதில் வராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் விளக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை அச்சிட்டு நிதி அதிகாரியின் மேசையில் வையுங்கள். ஒரு வரிதான், ஆனால் அதனால் ஒரு செவிலியரின் சம்பளம் தப்பும்.

திட்டத்தின் பெயரில் வாங்கும் படகு, கட்டடம், ஆம்புலன்ஸ் எதுவும் கம்பெனியின் சொத்தாக இருக்கக் கூடாது. சி.எஸ்.ஆர். திட்டங்களை நடத்துவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு உள்ள அறக்கட்டளையோ, பயனாளிகளின் சுயஉதவிக் குழுவோ, அரசு அமைப்போ வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் இதை முதலிலேயே எழுதாவிட்டால் மூன்றாம் ஆண்டில் இன்சூரன்ஸ் யார் கட்டுவது என்பதில் சண்டை வரும்.

கடைசிக் கட்டம் இயக்குநர் குழுவில் இன்டிபென்டென்ட் டைரக்டர், அதாவது கம்பெனியோடு வேறு தொடர்பு இல்லாத சுயேச்சை இயக்குநர் பதவி. ஐ.ஐ.சி.ஏ. (இந்திய கம்பெனி விவகார நிறுவனம்) வைத்திருக்கும் தரவு வங்கியில் பெயர் பதிந்து, இரண்டு ஆண்டுக்குள் ஆன்லைன் தேர்வில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். பத்து ஆண்டு வழக்கறிஞராக இருந்தவருக்குத் தேர்வு தேவையில்லை. சன்னதை நிறுத்திவைத்த காலத்தை இந்தப் பத்தில் சேர்த்து எண்ணாதீர்கள். அதே குழுமத்தில் முந்தைய மூன்று நிதியாண்டுக்குள் ஊழியராக இருந்திருந்தாலும் தகுதி இல்லை.

நிவாரணப் பணியிலிருந்து வந்தவர்களுக்கென்றே எழுதியது போன்ற விதி கம்பெனிகள் சட்டத்தின் 149(6)இல் இருக்கிறது. நீங்கள் தலைமை நிர்வாகியாகவோ இயக்குநராகவோ இருக்கும் தொண்டு நிறுவனம், தன் மொத்த வரவில் 25 சதவீதமோ அதற்கு மேலோ அந்தக் கம்பெனியிடமிருந்தும் அதன் புரமோட்டர்கள் (கம்பெனியைத் தொடங்கியவர்கள் அல்லது கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள்), இயக்குநர்கள், துணை நிறுவனங்களிடமிருந்தும் வாங்கினால், அந்தக் கம்பெனியில் நீங்கள் இன்டிபென்டென்ட் டைரக்டராக முடியாது. புயல் வந்த ஆண்டில் ஒரே கம்பெனி பெரும் தொகை கொடுத்துவிட்டால் இந்த விகிதம் சட்டென்று ஏறிவிடும். டி.ஐ.ஆர்.-2 சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், தொண்டு நிறுவனத்தின் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை எடுத்து, புரமோட்டர் குடும்பத்தாரின் தனிப்பட்ட நன்கொடையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பதவியேற்ற பிறகும், ஒவ்வொரு நிதியாண்டின் முதல் குழுக் கூட்டத்தில் சுயேச்சைத் தன்மை குறித்த உறுதிமொழி தருவதற்கு முன்பாக இதே கணக்கை மறுபடி போட வேண்டும்.