விளிம்பில் எஞ்சியவை: ஓர் ஆமையைத் தேடும் நாட்குறிப்பு

2024 ஜூன் 9, அல்சூர், பெங்களூரு

சென்னைத் தொலைக்காட்சியில் எண்பதுகளில் சிறுவர்களுக்காகக் காட்டப்பட்ட ஒரு சிறு துண்டை நண்பர்கள் சிலர் சேர்ந்து தேடத் தொடங்கியிருக்கிறோம். காகிதத்தில் வெட்டிய ஆமை ஒன்று, வற்றிப்போன குளத்தை விட்டு வேறு குளம் தேடிப் புறப்படும். வழியில் எதிர்ப்படும் ஒவ்வொரு விலங்கிடமும் ஒரே கேள்வியைக் கேட்கும். வயதான ஒரு பெண்குரல் கதையைச் சொல்லிக்கொண்டே வரும். அது 'கண்மணிப் பூங்கா' என்ற சிறுவர் நிகழ்ச்சியின் நடுவே வந்தது என்கிறார் ஒருவர். நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிட்ட மாலைகளில் இடத்தை நிரப்புவதற்காக ஓட்டப்பட்டது என்கிறார் இன்னொருவர். தலைப்போ செய்தவர் பெயரோ எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அக்காலத்தில் வீடியோ நாடா விலை மிகுந்த பொருளாக இருந்ததால், ஒளிபரப்பு முடிந்ததும் பழையதை அழித்து அதே நாடாவில் புதியதைப் பதிவது உலகெங்கும் நிலையங்களின் வழக்கமாக இருந்தது. 1974இல் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனுக்காக விஜயா முலே இயக்கி, பீம்சைன் அசைவூட்டம் செய்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' என்ற குறும்படம் இன்றும் நமக்குக் கிடைக்கிறதென்றால், அது ஃபிலிமில் எடுக்கப்பட்டு, பிரதிகள் போடப்பட்டு, பெயரோடு பதிவேட்டில் ஏறியது முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். நம் ஆமைக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

2024 ஜூன் 16

இவ்வாரம் முழுவதும் பிற நாட்டு ரசிகர்கள் இத்தகைய துண்டுகளை எவ்வாறு மீட்டார்கள் என்று படித்தேன். அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் எழுபதுகளின் நடுவில் ஒரு சிறு அசைவூட்டப் படம் வந்தது. படுக்கையில் இருக்கும் ஒரு சிறுமி சுவரின் விரிசல்களை ஒட்டகமாகவும் கோழியாகவும் குரங்காகவும் காண்பாள். பிறகு விரிசல்களின் தலைவன் போன்ற பயங்கர உருவம் ஒன்று எதிர்ப்பட்டு, சுவரோடு உதிர்ந்து விழும். அதைக் கண்டு அஞ்சிய குழந்தைகள் வளர்ந்த பின்னும் மறக்கவில்லை. நீண்ட காலம் விவரங்களைத் திரட்டி, ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, கேட்க வேண்டியவர்களிடமெல்லாம் கேட்டார்கள். கடைசியில் 2013இல் அது எல்லோரும் காணும்படி வெளிவந்தது.

அதே நிகழ்ச்சியின் 847ஆம் பகுதியின் கதை வேறு வகையானது. 1976 பிப்ரவரி 10 அன்று ஒளிபரப்பான அதில், 1939ஆம் ஆண்டின் 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' திரைப்படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் அதே வேடத்தில் தோன்றினார். குழந்தைகள் மிகவும் பயந்துவிட்டதாகப் பெற்றோர் கடிதம் எழுதவே அப்பகுதி மறு ஒளிபரப்புச் செய்யப்படவில்லை. 2022இல்தான் இணையத்தில் முழுமையாக வெளிப்பட்டது. அது தொலைந்திருக்கவில்லை, பூட்டப்பட்டிருந்தது. பூட்டியதைக் கேட்டுப் பெறலாம், அழிந்ததற்காக வருந்தலாம். நம் ஆமை இந்த இரண்டிலும் சேராது என்று தோன்றுகிறது. அதற்குப் பெயரே இல்லாததால், எங்காவது ஒரு நாடாவில் அது இருந்தாலும் எந்த அட்டவணையிலும் அகப்படாது.

2024 ஜூன் 23

தேடும் இடத்தை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இதுவரை எல்லோரிடமும் 'பழைய குழந்தைகள் நிகழ்ச்சி ஏதாவது பதிந்து வைத்திருக்கிறீர்களா' என்று கேட்டோம்; எல்லோரும் இல்லை என்றார்கள். அது இயல்பே. இடைநிரப்பும் துண்டைப் பதிவதற்காக யாரும் விலை கொடுத்து நாடா வாங்கியிருக்க மாட்டார்கள். மக்கள் விரும்பிப் பதிந்தவை வெள்ளிக்கிழமைத் திரைப்பாடல் நிகழ்ச்சியான 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம், உறவினர் யாராவது தோன்றிய நிகழ்ச்சி ஆகியவைதாம். ஆனால் பதிவுப் பொத்தானைச் சரியான நொடியில் அழுத்துபவர் எவருமில்லை. முன்கூட்டியே அழுத்திவிட்டு காத்திருப்பார்கள். பாட்டு முடிந்த பிறகும் நிறுத்த மறப்பார்கள். அந்த முன்னும் பின்னும்தான் நமக்கு வேண்டிய இடம். ஆகவே இனி எல்லோரிடமும் திரைப்பாடல் நாடாக்களையே கேட்கப் போகிறேன்.

பெங்களூரில் இதைத் தேடுவதற்கும் காரணம் உண்டு. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்குச் சென்னையில் அண்ணனோ அத்தையோ இருந்தார்கள்; அவர்கள் பதிந்து கொடுத்த நாடாக்கள் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் முறுக்குப் பொட்டலங்களோடு வந்து சேர்ந்தன. சென்னையில் இருப்பவர்கள் அடுத்த வாரம் வேறு பாட்டுக்காக அதே நாடாவை அழித்திருப்பார்கள். தொலைவில் இருந்தவர்களுக்குத்தான் அதைப் பாதுகாக்கும் எண்ணம் வந்தது. தமிழ்ச் சங்க நூலகத்துக்கு வரும் பெரியவர்களிடம் இன்று இதை விளக்கிச் சொன்னேன்; சிலர் பரணில் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

2024 ஜூலை 7

மர்ஃபி டவுனிலிருந்து ஒரு பை நிறைய விஎச்எஸ் நாடாக்கள் வந்தன. பாதியில் வெள்ளைப் பூஞ்சை. பூஞ்சை பிடித்த நாடாவை நேரடியாக ஓட்டினால் அது கருவிக்குள் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்தடுத்துப் போடும் நாடாக்களுக்கும் பரவும். ஆகவே அவற்றைத் தனியே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன். நல்ல நாடாக்களை எஸ்.பி. ரோட்டில் விசிஆர் பழுது பார்க்கும் பெரியவரின் கடையில் ஓட்டினோம். ஒரு கல்யாண நாடாவின் வாலில், தாலி கட்டிய காட்சிக்கு நெடுநேரம் கழித்து, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை அசையாமல் நின்றது. அதன் பிறகு அறிவிப்பாளர் தோன்றி அன்றைய நிகழ்ச்சிகளைப் படித்தார். "இதைப் போய் யாரும்மா எடுத்து வைப்பாங்க?" என்று கடைக்காரர் வியந்தார். நான் அதையும் கணினியில் பதிந்துகொண்டேன். ஆமை இல்லை.

2024 ஜூலை 21

கிடைத்துவிட்டது; ஆனால் ஒலி மட்டும்.

காக்ஸ் டவுனில் வசிக்கும், எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மா, வீடியோ எதுவும் தம்மிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, சென்னையிலிருந்த தங்கை பதிந்து அனுப்பிய ஆடியோ கேசட் ஒன்றைக் கொடுத்தார். தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து 'ஒளியும் ஒலியும்' பாடல்களைப் பதிந்திருக்கிறார்கள். கேசட்டுக்குள் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தது. ஓடும், ஆனால் ஒலி மங்கும். உறை ஒட்டப்பட்ட வகை என்பதால் அதைக் கவனமாக உடைத்து, நாடாவைத் திருகாணி போட்ட வேறோர் உறைக்கு மாற்றினோம். முதல் பாட்டுக்கு முன்னால் மின்விசிறி இரைச்சலும் பாத்திரச் சத்தமும் 'சத்தம் போடாதே, இப்போ ஆரம்பிச்சுடும்' என்று ஒரு குழந்தையை அடக்கும் குரலும் கேட்டன. அவற்றுக்குப் பின்னால், தெளிவாகவே, அந்த முதிய குரல்: ஆமை நரியிடம் குளத்துக்கு வழி கேட்கிறது.

பிரிட்டனின் பிபிசி, தன் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் அறுபதுகளின் பகுதிகள் பலவற்றை அழித்துவிட்டபோதும், அழிந்த எல்லாப் பகுதிகளின் ஒலியும் இன்று இருப்பதற்குக் காரணம், வீட்டில் டேப் ரிக்கார்டர் வைத்துப் பதிந்த ரசிகர்களே. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து மீண்டு வந்ததாக அறிவிக்கப்பட்ட ஒன்பது பகுதிகளைப் பற்றி அனைவரும் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். ஆயினும் அந்த ரசிகர்களின் ஒலிப்பதிவுகளையே நான் அதைவிடப் பெரிய செயலாக மதிக்கிறேன்.

2024 ஜூலை 28

பதிந்த ரிக்கார்டரின் வேகமும் இப்போது ஓட்டும் கருவியின் வேகமும் ஒன்றாக இருக்காது என்பதால், குரலின் உண்மையான சுருதியைக் கண்டறிய வேண்டியிருந்தது. பதிவின் அடியில் கேட்கும் மின்சார முனகலை, நம் மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸ் என்று கொண்டு சரிசெய்யலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். எண்பதுகளில் தென்னக மின்தொகுப்பில் தேவை மிகுந்த மாலை வேளைகளில் அந்த எண் 50க்குக் கீழே இறங்குவது வழக்கமாதலால் அதை நான் ஏற்கவில்லை. அதே நாடாவில் தொடர்ந்து வரும் திரைப்பாடலை இசைத்தட்டோடு ஒப்பிடுவதே மேல். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: திரைப்படம் வினாடிக்கு 24 சட்டகங்கள், நம் தொலைக்காட்சி 25, எனவே படத்திலிருந்து காட்டும் பாடல் ஏறத்தாழ 4 சதவீதம் வேகமாகவே ஒலித்திருக்கும். அந்த வேறுபாட்டைச் சேர்த்துத் திருத்திய பிறகு குரல் சற்றுத் தாழ்ந்து, நாங்கள் நினைவில் வைத்திருந்த நிதானத்துக்கு வந்தது. அந்தப் பாடல் 1985இல் வெளிவந்த படத்தினது. ஆகவே பதிவு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

2024 ஆகஸ்ட் 11

நண்பர்களைக் கூட்டி ஒலியைக் கேட்கச் செய்தேன். நத்தை என்று உறுதியாகச் சொல்லிவந்தவர் மறுவார்த்தை பேசாமல் ஆமையை ஏற்றுக்கொண்டார். பச்சை ஆமை என்று சொன்ன இருவரின் வீட்டிலும் அந்நாளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் இருந்தது. நிறம் அவர்களே கொடுத்தது, அதை நான் குறையாகக் கருதவில்லை. எல்லோரும் மறந்திருந்த ஒன்று இப்போது கிடைத்திருக்கிறது. கடைசியில் ஆமை வேறு குளத்தை அடைவதில்லை. மழை வருகிறது, புறப்பட்ட குளத்துக்கே அது திரும்புகிறது. குழந்தைகளுக்குக் கதை எழுதியவர் இத்தனை நிதானத்தோடு எழுதியிருக்கிறார். அவர் பெயர் எங்காவது ஒரு சம்பளப் பட்டியலிலாவது இருக்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

2024 ஆகஸ்ட் 18

கதையின் சொற்கள் முழுவதையும் எழுதி முடித்தேன். பாத்திரச் சத்தத்தில் மறைந்த இரண்டு இடங்களை வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன், ஊகித்து நிரப்பவில்லை. படத்துக்கான தேடல் தொடர்கிறது. கோயம்புத்தூரிலிருந்து ஓர் அக்கா, தம் தந்தை 'ஒளியும் ஒலியும், 86' என்று எழுதி ஒட்டிய வீடியோ நாடா ஒன்று அலமாரியில் இருப்பதாகவும், அடுத்த மாதம் பெங்களூர் வரும் உறவினரிடம் கொடுத்தனுப்புவதாகவும் தொலைபேசியில் சொன்னார். ஓட்டிப் பார்க்க வேண்டாம், பின்சுற்றவும் வேண்டாம், நிறுத்திய இடத்தில் நிறுத்தியபடியே நிமிர்த்தி வைத்துக் கொடுத்தனுப்புங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.