மூன்றடி நடைவழி

லெந்து எனும் தவக்கால நாட்களில் மாலை ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது, குலசேகரம் சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுத் தளிருக்காகக் காத்து நிற்கும். அந்த வாரங்களில் பால்வெட்டு கிடையாது. நாம் ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு அதற்கு உபவாசம் என்று பெயர் வைக்கும் நாட்களில், மரத்துக்குத்தான் உண்மையான ஓய்வு கிடைக்கிறது என்று என் தகப்பனார் கேலி செய்வார். அவர் பால் வெட்டியே எங்களை வளர்த்தவர்.

இந்த ஆண்டு லெந்து நாட்களில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், பாடுகளின் வழியாகச் சீஷன் எவ்வாறு வளர்கிறான் என்பதைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். ரோமர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து, உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது என்ற வரிசையை விளக்கினேன். பரீட்சை என்றதும் பள்ளிக்கூடத் தேர்வை நினைத்துவிடக் கூடாது, பொன்னை உரைகல்லில் உரைத்துத் தேறியதென்று கொள்வதைப் போன்றது அது என்றும் சொன்னேன். எல்லாரும் தலையசைத்தார்கள். வீட்டுக்கு வந்தபிறகுதான் உறுத்தத் தொடங்கியது. என் சொந்த வாழ்க்கையில் உபத்திரவம் முதலில் கோபத்தை உண்டாக்கியது. கோபம் பிடிவாதத்தையும், பிடிவாதம் ஒரு பூட்டையும் உண்டாக்கின. அன்று அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் பாடுகளைப் பற்றிப் பேச வாயெடுத்தால் முன்னோர்களிடமிருந்துதான் தொடங்குவோம். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன் என்றாலும், நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளையின் கதையைக் கேட்காமல் வளரவில்லை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலராக இருந்த அவர், குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுப் படை அதிகாரி டிலனாயிடமிருந்து கிறிஸ்துவைப் பற்றி அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் அவரைக் கைது செய்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கர் அல்லாத வீடுகளிலும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் கூட்டம் இருந்தது.

அவரைப் பற்றிய பிரசங்கங்கள் பெரும்பாலும் காற்றாடிமலைக்கு விரைந்து போய்விடுகின்றன. எனக்கோ கைதுக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட அந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. எருமையின் முதுகில் ஏற்றி ஊர் ஊராக நடத்திச் சென்றார்கள், அடித்த புண்ணில் மிளகுப்பொடி தடவினார்கள் என்று மரபு சொல்லுகிறது. துப்பாக்கிக் குண்டுக்கு முன்னால் நிற்பது ஒரு கணத்து வேலை. மறுநாளும் விடியும், மறுநாளும் அதே சங்கிலிதான் என்று தெரிந்தும் ஒவ்வொரு காலையிலும் மனம் மாறாமல் எழுந்திருப்பது வேறு வகையான வேலை. சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்று என்ற வாக்கை மத்தேயுவும் மாற்குவும் எழுதியிருக்கிறார்கள். லூக்கா மட்டும் அதனுடன் 'அனுதினமும்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதியிருக்கிறார். அந்த ஒற்றைச் சொல்லைப் பல வருடங்களாக நான் கண்ணால் கடந்து போயிருக்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். அது சிறியது, அந்தச் சிறுமைதான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்பா 2009-இல் இறந்தார். ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளையில் சாலையை ஒட்டிய கீழ்ப்பகுதி எனக்கும், மேட்டிலிருக்கும் பகுதி அண்ணனுக்கும் என்று பாகம் பிரித்தோம். மேட்டுக்குப் போக அப்பா காலத்திலிருந்து என் பகுதிக்குள்ளே ஒரு மூன்றடி நடைவழி உண்டு. பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 2014-இல், நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில், எல்லையில் நின்ற அயனி மரத்தை அண்ணன் வெட்டி விற்றுவிட்டார். மரம் யார் பக்கத்தில் நின்றது என்பதில் இன்றும் எங்களுக்குள் ஒரே கருத்து இல்லை. அந்த வாரமே நான் நடைவழியில் ஒரு இரும்புக் கேட்டைப் போட்டுப் பூட்டினேன். அவர் முன்சீப் நீதிமன்றத்துக்குப் போனார்.

அதன்பின் ஆறு ஆண்டுகள். சர்வேயர் வந்தார், சங்கிலி பிடித்தார், நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர் வந்தார், வாய்தா வந்தது, மீண்டும் வாய்தா வந்தது. இதை விரித்து எழுத ஒன்றும் இல்லை. வழக்கு நடத்திய எல்லாக் குடும்பங்களுக்கும் இது தெரியும்.

விரித்து எழுத வேண்டியது கோவிலுக்குள் நடந்ததைத்தான். எங்கள் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் பரிமாறும் பகுதி ஒன்று உண்டு. ஒருவர் கூப்பிய கைகளை நீட்ட, மற்றவர் அதைத் தம் இரு கைகளுக்குள் வாங்கி, அவ்விதமே அடுத்தவருக்குக் கொடுக்க, அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னோக்கி நகரும். அண்ணன் அமரும் பெஞ்சில் அமர்ந்தால் அது என்னிடம் அவர் கைகளிலிருந்து வர நேரும் என்று கணக்குப் போட்டு, நான் தூணுக்கு மறுபக்கம் இடம் மாறினேன். பிறகு அதுவும் போதவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, அதாவது திருவிருந்து ஞாயிறு வந்தால் எனக்குத் தலைவலி வரத் தொடங்கியது. தொடக்கத்தில் சில மாதங்கள் என் மனைவி அதை நம்பினாள்.

அந்த நாட்களில் ஒரு ஊழியர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, "தேவன் உங்களைப் புடமிடுகிறார், பொறுமையாக இருங்கள்" என்று சொல்லிப் போனார். அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்துப் போனது. ஏன் பிடித்தது என்று பின்னால் யோசித்தபோது வெட்கப்பட்டேன். அந்த ஒரு வார்த்தையில் நான் பொன்னாகிவிட்டேன், அண்ணன் நெருப்பாகிவிட்டார். வழக்கை நானே ஒரு பக்கம் ஊதி எரித்துக்கொண்டிருந்தும், பாடு அனுபவிக்கிற சீஷன் என்ற இடம் எனக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது. போராட்டம் மனிதனை வளர்க்கும் என்ற நம் பேச்சில் இப்படி ஒரு குழி இருக்கிறது. நம்முடைய பிடிவாதத்தினால் வந்த வலிக்கும், கிறிஸ்துவின் நிமித்தம் வந்த வலிக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டு, இரண்டுக்கும் ஒரே பலனை எதிர்பார்க்கிறோம்.

ஒக்கிப் புயல் இதைக் கொஞ்சம் உடைத்தது. 2017 நவம்பர் இறுதியில் அது நம் கடலைப் புரட்டிப் போட்டபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காற்று ரப்பர் மரங்களை வரிசை வரிசையாக முறித்துப் போட்டிருந்தது. அதை நாங்கள் பெரிய நஷ்டமாகப் பேசிக்கொண்டிருந்தோம். டிசம்பரில் சிலர் சேர்ந்து அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஒரு கடற்கரை ஊருக்குப் போனோம். அங்கே எங்களுடன் வந்த ஒருவர், கணவர் திரும்பாத ஒரு பெண்ணிடம், இந்தச் சோதனையிலும் ஒரு நோக்கம் உண்டு என்று சொல்லத் தொடங்கினார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. போர்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்க்காமல் வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து, இன்னொருவருடைய துயரத்துக்கு நோக்கம் கற்பிக்கும் வேலையை நான் செய்வதில்லை. தன் காயத்தைப் பற்றி ஒருவன் பல வருடங்கள் கழித்துத் தானே சாட்சி சொல்லலாம். அடுத்தவன் அதை முன்கூட்டிச் சொல்லுவது கொடுமை. வேனில் திரும்பி வரும்போது என் சட்டைப்பையில் கேட்டின் சாவி இருந்தது.

ஆதியாகமத்தில் யாக்கோபு யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுவதும் போராடிய பகுதியை, போராடி ஜெபிப்பதற்கு உதாரணமாக நாம் அடிக்கடி எடுத்துக்கொள்கிறோம். மறுநாள் காலையில் அவன் யாரைச் சந்திக்க வேண்டியிருந்தது என்பதை அந்த அளவுக்கு நினைப்பதில்லை. சுதந்தரத்தின் பேரில் தான் ஏமாற்றிய அண்ணனை. அவனோ நானூறு பேரோடு எதிரே வந்துகொண்டிருக்கிறான். இரவில் நடந்த போராட்டத்தில் யாக்கோபுக்குக் கிடைத்தவை ஒரு புதிய பெயரும் தொடைச்சந்தில் ஒரு சுளுக்கும். நொண்டிக்கொண்டுதான் அண்ணனிடம் போனான், ஏழுவிசை தரைமட்டும் குனிந்தான், ஏசா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான், இருவரும் அழுதார்கள். நம் பிரசங்கங்கள் இங்கே முடிந்துவிடும். ஆனால் அதிகாரம் இன்னும் கொஞ்சம் போகிறது. சேயீருக்கு உன் பின்னே மெதுவாக வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, யாக்கோபு சுக்கோத்துக்குப் போய் அங்கே வீடு கட்டிக்கொண்டான். ஆண்டவரோடு ஓர் இரவு முழுவதும் போராடிய மனிதனுக்கும் அண்ணன் பக்கத்தில் குடியிருக்கத் துணிவு வரவில்லை. இந்தப் பகுதியை வேதம் மறைக்காமல் விட்டிருப்பது எனக்கு எத்தனையோ வாக்குத்தத்தங்களைவிட ஆறுதலாக இருக்கிறது.

2020-இல் தீர்ப்பு வந்தது. ஓடைக்கரையைச் சுற்றி மாற்று வழி இருக்கிறபடியால் என் நிலத்தின் வழியே நடக்க அண்ணனுக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜெயித்துவிட்டேன். ஒரு வாரம் வரை நன்றாகத்தான் இருந்தது.

அண்ணனின் விளையில் வெட்டுகிறவர் எங்கள் அப்பாவோடு சிறுவயதில் தொழில் பழகியவர், அறுபதைக் கடந்தவர். பால் வெயிலுக்கு முன் நன்றாக ஊறும் என்பதால் நாலரை, ஐந்து மணிக்கே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். கேட்டைப் பூட்டிய நாள் முதல் அவர் ஓடைக்கரை வழியாகத்தான் போய்வந்தார். திரும்பும்போது இரண்டு கைகளிலும் பால் நிறைந்த வாளிகள். மழைக்காலத்தில் அந்தக் கரை வழுக்கும். ஆறு ஆண்டுகளில் ஒரு நாளாவது என்னிடம் அவர் முறையிட்டதில்லை. நானும் அண்ணனும் எதிரெதிரே நின்று நியாயம் பேசிக்கொண்டிருக்க, எங்கள் சண்டையைத் தூக்கிச் சுமந்தவர் அவர்.

தீர்ப்புக்குப் பின் ஒரு காலையில் என் மரங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு அவர் நின்றார். நான் புதிதாக அமர்த்திய வெட்டுக்காரன் பட்டையைத் தாண்டிக் கத்தியை இறக்கியிருந்தான். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வளர்படலத்தில் கத்தி படாமல், அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துவதுதான் இந்தத் தொழிலின் கைப்பழக்கம். அங்கே நிறுத்தினால் பாலும் கிடைக்கும், சில வருடங்களில் அதே இடத்தில் புதுப்பட்டையும் வளர்ந்து மீண்டும் வெட்டலாம். கத்தி உள்ளே பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துப் பிறகு வெட்டுக்கு உதவாது. "சாரே, ஆழமா வெட்டினா இன்னைக்குப் பால் கூடுதல் கிட்டும், பின்ன மரம் கிட்டாது" என்றார். மரத்தைப் பற்றித்தான் சொன்னார். வேறெதையும் மனதில் வைத்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. சொல்லிவிட்டு வாளிகளை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைப் பக்கம் திரும்பி நடந்தார்.

மலைப்பிரசங்கத்தில், பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற இடத்தை அன்று இரவு எடுத்து வாசித்தேன். உன் சகோதரன் பேரில் உனக்குக் குறை உண்டானால் என்று அங்கே எழுதவில்லை. உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூருவாயாகில் என்றுதான் இருக்கிறது. அந்தக் குறை நியாயமானதா, தீர்ப்பு யார் பக்கம் என்று வசனம் விசாரிக்கவே இல்லை. என்னிடம் இருந்ததோ தீர்ப்பின் சான்றிட்ட நகல் மட்டும்தான். ஆறு ஆண்டுகளாக நான் போராட்டம் என்று எண்ணியிருந்தது அந்த நகலுக்கான போராட்டம். அதைக் கையில் வைத்துக்கொண்டே பூட்டைத் திறக்க வேண்டும் என்று வந்தபோதுதான் உண்மையான போராட்டம் தொடங்கியது. அதற்கு மேலும் மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டேன். தோற்றிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அண்ணனிடம் போய்ப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு விடியற்காலையில் பால் வெட்டும் அந்தப் பெரியவரை அழைத்து, இனி இந்த வழியாகவே போகலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் இப்போது எனக்குத் தலைவலி வருவதில்லை. தூணுக்கு இந்தப் பக்கம், அண்ணனுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் அமர்கிறேன். சமாதானம் நடுவில் இரண்டு மூன்று பேருடைய கைகளைக் கடந்துதான் என்னிடம் வருகிறது. அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அயனி மரத்தைப் பற்றி எனக்குள்ளும் சில நாட்களில் புகைச்சல் எழத்தான் செய்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் படுக்கையிலிருந்து எழுவது கடினம்.

தெருநாயும் பன்றியும் ஏறுவதால் இரவில் கேட்டைப் பூட்டாமல் இருக்க முடியாது. ஆகவே கைப்பேசியில் நாலே காலுக்கு அலாரம் வைத்திருக்கிறேன். டார்ச் வெளிச்சம் சாலை முனையில் தெரிவதற்குள் இறங்கிப் போய்ச் சாவியைத் திருப்ப வேண்டும்.