பைபாஸ் அறுவையும் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகக் கணக்கும்

பைபாஸ் அறுவைக்கு வரும் சர்க்கரை நோயாளியின் கோப்பைப் புரட்டும்போது, ஆஞ்சியோ, எக்கோ அறிக்கைகளுக்கு அடுத்தபடியாக நான் தேடுவது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்று பார்த்த தாளை. பல கோப்புகளில் அது இருப்பதில்லை. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்ற அளவு இருக்கும், இயல்பு எல்லைக்குள் என்று அச்சிட்டிருக்கும், அதைக் காட்டி, சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை என்று யாரோ குடும்பத்தாரிடம் சொல்லியும் முடித்திருப்பார்கள். மயக்கவியல் மருத்துவராக இருதய அறுவை அரங்கிலும் அதை ஒட்டிய தீவிர சிகிச்சைப் பிரிவிலும் வேலை செய்கிற எனக்கு, அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு அறுவைக்குப் பின் சிறுநீரகம் என்னவாகும் என்று கணிப்பது எவ்வளவு ஆட்டங்காணும் காரியம் என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

முதலில், எதைக் கணிக்கிறோம் என்பது. சிறுநீரக நோய்களுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் கேடிகோ என்ற பன்னாட்டு அமைப்பு 2012இல் வெளியிட்ட வரையறைப்படி, 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினாலும், 7 நாட்களுக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலும், உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சிறுநீர் 6 மணி நேரம் இறங்கினாலும் அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது மணிக்கு 30 மில்லி. கதீட்டர் குழாயின் முனையில் தொங்கும் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பெட்டியை செவிலியர் மணிக்கொரு முறை குனிந்து பார்த்துக் குறித்துவிட்டுப் பைக்குள் வடியவிடுவது இதற்காகத்தான். இந்த வரையறைப்படி பார்த்தால் இருதய அறுவை செய்துகொள்வோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் பாதிப்பு வருகிறது. டயாலிசிஸ் வரை போவது அவர்களில் மிகச் சிலரே. ஆனால் சிறிய ஏற்றத்தையும் அலட்சியப்படுத்த முடியாது. இருதய அறுவைக்குப் பின் கிரியாட்டினின் அரைப் புள்ளிக்குள் கூடியவர்களிடம்கூட இறப்பு அதிகமாக இருந்ததை வியன்னா மருத்துவர்கள் 2004இலேயே காட்டிவிட்டார்கள்.

சர்க்கரை நோயாளிகள் எங்கள் மேசைக்கு அதிகமாக வருவதற்கும் காரணம் உண்டு. பல ரத்தக்குழாய்களில் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸ் நல்லது என்று 2012இல் ஃப்ரீடம் ஆய்வு உறுதிப்படுத்தியது. ஆக, சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட வாய்ப்புள்ளவர்களுக்கே, சிறுநீரகத்தைச் சோதிக்கும் அறுவை அதிகமாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

அறுவையின்போது இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இருதய நுரையீரல் இயந்திரத்தில் ஓடும்போது ரத்தம் நீர்த்துப்போகிறது, அழுத்தம் தாழ்கிறது, சிவப்பணுக்கள் சில உடைந்து ஹீமோகுளோபின் வெளியே கசிகிறது. இயல்பான காலத்திலேயே குறைந்த ஆக்சிஜனில் வேலை செய்யும் சிறுநீரகத்தின் உட்பகுதி இதைத் தாங்க வேண்டும். நல்ல சிறுநீரகத்துக்குக் கையிருப்பு உண்டு. சர்க்கரையால் வடிகட்டிகள் பாதி கெட்டுப்போன சிறுநீரகத்தில் மிஞ்சியவை ஏற்கெனவே மிகையாக வடிகட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் கிரியாட்டினின் நல்லபடியாகத் தெரிகிறது. போதாததற்கு, இயந்திரக் குழாய்களை நிரப்பும் திரவம் ரத்தத்தில் கலப்பதால் அறுவை முடிந்த அன்றிரவு கிரியாட்டினின் முன்பைவிடக் குறைந்துகூட இருக்கும். குடும்பத்தார் மகிழ்வார்கள். இரண்டாம் நாள் காலையில்தான் உண்மை தெரியும்.

இந்தத் தாமதத்தைத் தாண்டத்தான் அறுவைக்கு முன்பே கணிக்கும் மதிப்பெண் முறைகள் வந்தன. அவற்றில் அதிகம் பேசப்படுவது 2005இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 33,217 நோயாளிகளின் தரவைக் கொண்டு உருவாக்கியது. பெண் என்றால் 1, இருதய இயக்கம், அதாவது ஒரு துடிப்பில் ரத்தத்தை வெளித்தள்ளும் அளவு, 35 சதவீதத்துக்குக் கீழ் என்றால் 1, அவசர அறுவை என்றால் 2, பைபாஸோடு வால்வும் மாற்றினால் 2, கிரியாட்டினின் 1.2 முதல் 2.1க்குள் இருந்தால் 2, அதற்கு மேல் போனால் 5 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் 17 வரை போகலாம். அது கணிப்பது டயாலிசிஸ் தேவையை மட்டும்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2 வரை எடுத்தவர்களில் டயாலிசிஸுக்குப் போனவர்கள் 0.4 சதவீதம், 9 முதல் 13 வரை எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

இந்தப் பட்டியலில் சர்க்கரை நோய்க்கு 1 மதிப்பெண் உண்டு, ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு மட்டும். இங்கேதான் எனக்கு நெருடல். அந்த ஊரில் அந்தக் காலத்தில் இன்சுலின் என்பது நோய் முற்றியிருப்பதன் அடையாளமாக இருந்திருக்கலாம். நம் ஊரில் ஊசிக்குப் பயந்தும், ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்ற பேச்சை நம்பியும், இருபது வருடச் சர்க்கரையை மூன்று நான்கு மாத்திரைகளாலேயே இழுத்துக்கொண்டு வருபவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்தக் கணக்கில் சுழியம்தான் கிடைக்கும். நோயின் கடுமையை மருந்தின் பெயரைக் கொண்டு அளந்தால், மருந்தை மறுப்பவர் ஆரோக்கியமானவராகத் தோன்றுவார்.

எடுத்துக்காட்டாக 60 வயதுப் பெண் ஒருவரை வைத்துக்கொள்வோம். நெடுங்காலச் சர்க்கரை, மாத்திரை மட்டும், கிரியாட்டினின் 1.1, இருதய இயக்கம் 45 சதவீதம், திட்டமிட்ட பைபாஸ். கிளீவ்லாந்து கணக்கில் அவருக்குக் கிடைப்பது பெண் என்பதற்கான 1 மட்டும். ஆபத்து மிகக் குறைந்த குழு. ஆனால் கிரியாட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிடும் 2021இன் சிகேடி-எபி சூத்திரத்தில் அதே 1.1ஐப் போட்டால் அவருடைய வடிகட்டும் திறன் 58தான் வருகிறது, திறன் குறைந்துவிட்டது என்று கொள்ளும் 60க்குக் கீழே. அதே வயது ஆணுக்கு 77 வரும். தசை குறைந்த உடலில் கிரியாட்டினின் தாழ்ந்துதான் இருக்கும் என்பதை மூல எண் சொல்லாது. கனடாவின் ஒண்டாரியோவில் உருவாகி 2007இல் வெளியான எளிய சிறுநீரகக் குறியீடு இந்த வடிகட்டும் திறனையே எடுத்துக்கொள்கிறது. மருந்து தேவைப்படும் எந்தச் சர்க்கரை நோய்க்கும், மாத்திரையோ ஊசியோ, 1 கொடுக்கிறது. அதில் இந்தப் பெண் 2 பெற்று, குறைந்த ஆபத்துக் குழுவைவிட்டு வெளியே வந்துவிடுகிறார். நோயாளி ஒருவர்தான், தரவும் ஒன்றுதான். இரு கணக்கும் இரு வேறு திசையில் கை காட்டுகின்றன. எனக்கு இரண்டாவதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

இரண்டிலுமே சிறுநீர் ஆல்புமின் இல்லை. தைவானில் பைபாஸ் செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் செய்து 2011இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன் சிறுநீரில் புரதம் போனவர்களுக்குப் பாதிப்பு அதிகமாக வந்தது. வடிகட்டும் திறனையும் சர்க்கரை நோயையும் தனியே கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு அப்படியே நின்றது. ஒரு சிறு குப்பிச் சிறுநீரில் ஆல்புமினையும் கிரியாட்டினினையும் சேர்த்து அளந்தால் போதும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்கு மேல் என்றால் வடிகட்டி கசிகிறது என்று பொருள். இதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, இருதயம் திணறும் நிலை ஆகியவற்றிலும் ஆல்புமின் தற்காலிகமாக ஏறும். மாரடைப்பு வந்த வாரத்தில் எடுத்த அளவை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பழைய அறிக்கைகளைத் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது இயந்திரக் கற்றல் மாதிரிகளின் காலம். கிளீவ்லாந்து கிளினிக்கே 2022இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவிலிருந்து, அறுவைக்குப் பின் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளான கிரியாட்டினின் மாற்றம், யூரியா, பொட்டாசியம், சோடியம், பைகார்பனேட், ஆல்புமின் ஆகியவற்றைக் கொண்டே கணிக்கும் முறையை வெளியிட்டது. அது எளிமையானது, பயன்படக்கூடியது. ஆனால் இத்தகைய கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. நூறு பேரில் ஒருவருக்கே டயாலிசிஸ் தேவைப்படும் இடத்தில், யாருக்கும் தேவைப்படாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாதிரிகூட 99 சதவீதம் சரியாகத்தான் சொல்லும். சில மாதிரிகளில் அறுவைக்குப் பின் கொடுத்த, சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் ஊசியின் அளவையும் உள்ளீடாகச் சேர்த்துவிடுகிறார்கள். சிறுநீர் குறைந்ததைப் பார்த்துத்தானே மருத்துவர் அந்த ஊசியைப் போட்டார்? விடையைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதை முன்கணிப்பு என்று சொல்ல மாட்டேன்.

கணித்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கணிப்புக்கு மதிப்பு. ஆபத்து அதிகம் என்று தெரிந்தால், அவசரம் இல்லாதபோது ஆஞ்சியோவுக்கும் அறுவைக்கும் இடையே சில நாட்கள் விடலாம். ஆஞ்சியோவில் ரத்தக்குழாய்க்குள் செலுத்திய சாயத்தின் சுமை இறங்கட்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலிமாத்திரையை நிறுத்தலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை, சர்க்கரை ஏறாமலே கீட்டோன் அமிலம் ஏறும் அபாயம் இருப்பதால், அறுவைக்கு 3 நாட்கள் முன்பே நிறுத்த வேண்டும். இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட்டிடம் ஓட்டத்தைக் குறைக்காமல் ஆக்சிஜன் வழங்கலைக் கவனிக்கும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

இவற்றுக்குப் பலன் உண்டா என்றால், ஓரளவு உண்டு. ஜெர்மனியின் மியுன்ஸ்டரில் 2017இல், சிறுநீரகம் பாதிப்பின் விளிம்பில் இருப்பதைக் காட்டும் உயிர்க்குறியீடு சிறுநீரில் உயர்ந்திருந்த 276 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரத்த அழுத்தம், திரவம், சர்க்கரை, மருந்துகள் எல்லாவற்றையும் விதிப்படி கண்டிப்பாகக் கவனித்தபோது, பாதிப்பு 71.7 சதவீதத்திலிருந்து 55.1 ஆகக் குறைந்தது. 2024இல் 3,511 பேரிடம் நடந்த புரொடெக்‌ஷன் ஆய்வில் அமினோ அமிலங்களைச் சொட்டுசொட்டாக ஏற்றியபோது 31.7 சதவீதம் 26.9 ஆயிற்று, சிறுநீரகத்தின் கையிருப்புத் திறனைத் தட்டி எழுப்புவதே அதன் தத்துவம். ஆனால் இரண்டிலுமே டயாலிசிஸ் தேவை குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. கையிருப்பே கரைந்துபோன நீரிழிவுச் சிறுநீரகத்தில் அமினோ அமிலம் அதே அளவு எடுபடுமா என்பதை ஒவ்வொரு நோயாளியிடமும் யோசித்துத்தான் தொடங்குகிறேன்.

கடைசியாக, வீட்டுக்கு அனுப்பும் தாள். அதில் ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, வால்வு மாற்றியவர்களுக்கு ரத்தம் உறைவதை அளக்கும் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். திடீர் பாதிப்பு வந்து தேறியவரை 3 மாதத்தில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்பது கேடிகோவின் 2012 வழிகாட்டுதலிலேயே உண்டு. தேறியதாகத் தோன்றும் சிறுநீரகத்தில் நாள்பட்ட நோய் வேர்விடுகிறதா என்று அப்போதுதான் தெரியும். எங்கள் பிரிவில் பாதிப்பு வந்த சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும் கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்க்க வேண்டிய தேதியை இப்போது அந்தத் தாளிலேயே எழுதிக்கொடுக்கிறோம்.